கிழக்கு மேடு

போன மாதம், எங்கள் பாளையங்கோட்டையின் பழைய மைதானத்துத் திறப்பு விழாவன்று, அதன் சுவரை நான் முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். காவலாளி வந்து, "சுவத்துல என்ன சார் தேடுதிய?" என்று கேட்டார். கருப்பட்டி என்றேன். அவர் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.

நான் சொன்னது உண்மைதான். பழைமை மாறாமல் புதுப்பிக்கிறோம் என்று கிளம்பியவர்கள், நுழைவு வளைவுக்கும் பார்வையாளர் படிகளுக்கும் சிமெண்டைத் தொடாமல், சுண்ணாம்பில் கடுக்காயும் உடன்குடிக் கருப்பட்டியும் கலந்து பூசியிருந்தார்கள். காய்ந்த பிறகும் லேசாக வாசம் அடித்தது. எறும்புகள் குடும்பத்தோடு வந்திருந்தன.

கருப்பட்டி வாசம் வந்தால் எனக்குச் சுக்குக் காப்பி நினைவுக்கு வரும். சுக்குக் காப்பி வந்தால் பின்னாலேயே சாமுவேல் அண்ணன் வந்துவிடுவார். பள்ளிக்கூட வாத்தியார், எங்கள் கிரிக்கெட் அணியின் தலைவர். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வேட்டியோடு நேரே மைதானத்துக்கு வந்து, ஒரு டம்ளர் சுக்குக் காப்பி குடித்துவிட்டுத்தான் கால்சட்டைக்கு மாறுவார். இதெல்லாம் பல வருஷத்துக்கு முந்தி; நான் அப்போதுதான் வங்கியில் குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்தேன். அணியில் நான் பதினோராவது ஆள். பன்னிரண்டாவது ஆள் யாரும் கிடைக்காததால் அந்த இடம் பத்திரமாக இருந்தது.

உங்களிடம் சொல்வதற்கென்ன, எங்களில் உருப்படியாக ஆடத் தெரிந்தவர்கள் ரொம்பக் குறைவு. ஆனாலும் சொந்த மைதானத்தில் எங்களை யாரும் ஜெயித்ததில்லை. காரணம், கிழக்கு மேடு. மழைத்தண்ணீர் மேற்கே கால்வாய்க்கு ஓடட்டும் என்று யாரோ ஒரு காலத்தில் மைதானத்தையே சாய்த்து வைத்துவிட்டார்கள். கிழக்கே அடித்த பந்து மேடேறி, களைத்து, சற்று யோசித்து, திரும்பி வரும். வெளியூர்க்காரர்கள் அதைத் துரத்திக்கொண்டு மேலே ஓடுவார்கள். பந்து அவர்கள் காலுக்குப் பக்கத்திலேயே கீழே இறங்கிப் போய்விடும். நாங்கள் ஓடவே மாட்டோம். "ஓடாத லே, அது பைய வரும்." சாமுவேல் அண்ணனிடம் இருந்த ஒரே உத்தி அதுதான்.

ஒவ்வொரு முறை தோற்றதும் வள்ளியூர் அணித் தலைவர் முருகேசன் எங்களிடம் வந்து சொல்வார்: "ஜெயிச்சது நீங்க இல்ல வே. உங்க மேடு." நாங்கள் கோப்பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரிப்போம். வீட்டுக்குப் போகும் வழியில் சிரிப்பு கொஞ்சம் குறையும். அவர் சொல்வது நிஜமாக இருந்துவிடுமோ என்று எங்களுக்கும் உள்ளூரப் பயம்தான்.

திறப்பு விழாவில் பழைய ஆட்டக்காரர்களுக்கு ஒரு பந்தயம் வைத்திருந்தார்கள். எதிரணி வள்ளியூர். எங்களுக்கு அன்றும் சாமுவேல் அண்ணன்தான் தலைவர். "இன்னைக்கி உங்க மேட்டையும் சேத்து ஜெயிச்சிருவோம்லா" என்றார் முருகேசன், முழங்காலில் துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டே. வளைவு, கல்படி, பழைய வெண்கல மணி எல்லாம் அப்படியே இருந்தன. புல் மட்டும் புதிது. கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்ததால் அதற்குக் கீழே என்ன நடந்திருக்கிறது என்று யாரும் யோசிக்கவில்லை.

கடைசிப் பந்து. அதுவரை கிழக்கே ஒரு பந்தும் தூரமாகப் போகவில்லை; எங்கள் வயசு அப்படி. வள்ளியூர் ஜெயிக்க நாலு ஓட்டம் வேண்டும். முருகேசனே மட்டையோடு நின்றார். கிழக்கே தட்டினார். பந்து என்னைத் தாண்டி உருண்டுபோய், எல்லைக் கோட்டுக்கு முன்னால் நின்றது. நானும் நின்றேன். "ஓடாத லே, வரும்!" என்று சாமுவேல் அண்ணன் கத்தினார். பதினொரு பேரும், வராத பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களைப் போல, கிழக்கே பார்த்தபடி நின்றோம். முருகேசனும் அவர் கூட்டாளியும் நடுவில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டுகூட நாலு ஓட்டத்தையும் ஓடி முடித்தார்கள். பந்து வரவில்லை.

பழைமையில் புதுப்பித்தவர்கள் கைவைக்கவில்லையாம். தரை கோணலாக இருந்ததை மட்டும் சரிபண்ணினார்களாம். விழாவுக்கு வந்த பொறியாளர் பெருமையோடு சொன்னார். எனக்கு வெட்கமாக இருந்தது. சாமுவேல் அண்ணன் வேட்டிக்கு மாறினார்.

கோப்பை வாங்க வரச்சொல்லி மணி அடித்தார்கள். முருகேசனைக் காணோம். தேடிப் போனால், மனிதர் கிழக்கு ஓரத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, பந்தைத் தரையில் வைப்பதும் எடுப்பதும் மறுபடி வைப்பதுமாக இருந்தார். அது வைத்த இடத்திலேயே இருந்தது.

"அதான் ஜெயிச்சாச்சே வே, இங்கன என்ன செய்யுதீரு?" என்றேன்.

"ஜெயிச்சது கிடக்கட்டும்" என்றார். "இனிமே தோத்தா நான் எதைச் சொல்லுவேன்?"