பதினொரு அம்புகள்

என் மகளின் பள்ளியில் பிழைகளைத் திருத்துவதில்லை. வெள்ளிக்கிழமைதோறும் அவளுடைய டைரி வீட்டுக்கு வரும். அவளே ஆங்கிலத்தில் எழுதிய நாலைந்து வரிகள், கீழே ஒரு படம். முதல் பக்கத்தில் பெற்றோருக்கு ஒரு குறிப்பு: வாசியுங்கள், ரசியுங்கள், திருத்தாதீர்கள். மற்ற விதிகளுக்கெல்லாம் பழகிவிட்டேன். திங்கள் பழம், செவ்வாய் சுண்டல். சாக்ஸில்கூடப் பெயர் எழுத வேண்டும். கழுத்தில் அட்டை தொங்காவிட்டால் பெற்ற தாயோடும் பிள்ளையை அனுப்பமாட்டார்கள். கேட்டுக்கு உள்ளே தமிழ் கூடாது. திருத்தாதீர்கள் என்ற அந்த ஒன்றுதான் எனக்கு இறங்கவேயில்லை.

ஏனென்று ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். உடன்குடியிலிருந்து பஸ் ஏறித் திருப்பூர் வந்து பத்தொன்பது வருஷமாகிறது. அன்றிலிருந்து பனியன் கம்பெனியில் செக்கிங். டியூப்லைட்டுக்குக் கீழே மேசை, மேசைமேல் டி-ஷர்ட். விட்ட தையல், எண்ணெய்க்கறை, ஊசி ஓட்டை, எங்கே கண்டாலும் அங்கே ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர். நல்ல இடத்தில் கண் நிற்பதேயில்லை. வழுக்கிக்கொண்டே போய்ப் பிழையில்தான் நிற்கும். வந்த புதிதில் என் உடன்குடிப் பேச்சைக் கேட்டு மொத்த லைனும் சிரித்தது. "ஏனுங்க, வேலைக்கு வந்தீங்களா, சண்டைக்கு வந்தீங்களா?" என்று கேட்டார்கள். பிறகு என் நாக்கையும் அந்த மேசைமேல் விரித்துப் போட்டேன். ஒவ்வொரு சொல்லாக அம்பு ஒட்டி ஒதுக்கினேன். ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படிப்பேன், பேச்சின் பக்கமே போகவில்லை. தப்பாகப் பேசுவதற்குப் பேசாமலே இருந்துவிடலாம்.

போன வெள்ளிக்கிழமை மகள் ஜெனிபாவின் டைரியில் பதினொரு அம்புகள் ஒட்டினேன். கை தானாகப் போயிற்று. அவள் வரைந்த நாய்க்கு ஐந்து கால். அதற்கும் ஒன்று.

புதன்கிழமை மாலை, பள்ளி விடும் நேரத்துக்கு முன்பே அவளுடைய மிஸ் என்னை வரச் சொன்னார். டைரியை விரித்து, "டிட் யூ டூ திஸ்?" என்று கேட்டார். பாராட்டுகிறார் என்றே நினைத்தேன்.

"யெஸ் மேம். லெவன். நோ மிஸ்ஸிங்."

அவர் டைரியை மூடினார். பிறகு எழுந்து, கேட்டைத் தாண்டி வண்டிகள் நிற்கும் இடத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். வெளியே கால் வைத்ததும் கொங்குத் தமிழுக்கு இறங்கி, குன்னத்தூர்க்காரராக மாறிவிட்டார்.

"ஏனுங்க, மூணு நாளா புள்ள வாயே தொறக்கறதில்லீங்க. எழுதச் சொன்னா பென்சிலப் புடிச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருக்கறா. தப்பாப் போயிருமோன்னு பயமுங்க."

"தப்பு இருந்துச்சுங்களே மேடம்."

"இருக்கட்டுமுங்க. ரிஜெக்ட் பண்றதுக்கு அவ என்ன பீஸுங்களா?"

வெள்ளிக்கிழமையிலிருந்தே வீட்டிலும் அவள் சத்தமே இல்லை. சமர்த்தாக இருக்கிறாள் என்று எண்ணியிருந்தேன்.

அன்று ஸ்கூட்டியில் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஊமையாக வந்தாள். என்ன கேட்டாலும் தலையாட்டல்தான், கண்ணாடியில் தெரிந்தது. வீரபாண்டிப் பிரிவில் ஓரங்கட்டி நிறுத்தினேன். முதல் நாள் வேலைக்கு நின்ற அதே பயத்தோடு, இங்கிலீஷில் வாயைத் திறந்தேன்.

"ஜெனி, டுடே கம்பெனி கேட்... ஒன் கௌ. ஸ்டாண்டிங். செக்யூரிட்டி புஷ்ஷிங், புஷ்ஷிங். கௌ நோ கோயிங்."

முதுகுப் பக்கமிருந்து ஒரு சிரிப்பு, வண்டியே ஆடும் அளவுக்கு.

"அம்மா! யூ டாக் ஸோ ஃபன்னி!"

"ஆமாட்டி, ஃபன்னிதான். மிச்சத்தச் சொல்லட்டா, வேண்டாமா?"

'ஆமாட்டி'. எத்தனை வருஷத்துக்குப் பிறகு என் வாயில் எங்கள் ஊர்ச் சொல்!

"சொல்லுங்க, சொல்லுங்க. வாட் கலர் கௌ?"

அந்தச் செம்பழுப்பு நிறத்துக்கு எனக்கு ஆங்கிலம் தெரியாது. "செவலை" என்றேன். அவளும் சொல்லிப் பார்த்தாள், வாயில் சூடான எதையோ வைத்துக்கொண்டது போல. உடன்குடியிலும் கேட்டிராத, திருப்பூரிலும் கேட்டிராத ஒரு செவலை. அவளுக்கு அது பிடித்துவிட்டது. மறுபடி மறுபடி சொன்னாள். நான் திருத்தாமல் வண்டியை எடுத்தேன். எந்த ஊர்க்காரர்களுக்கும் அடையாளம் தெரியாத அந்த மாடு, எங்கள் இருவருக்கும் நடுவில் ஏறி உட்கார்ந்துகொண்டு வீடுவரை வந்தது.