யாக்குமிஸ் போட்ட முடிச்சு

கோடை வந்தால் நெதர்லாந்திலிருந்து கிளம்பிக் கிரேக்க நாட்டுப் பாரோஸ் தீவுக்கு வந்துவிடுவேன். அங்கே ஒரு பாய்மரப் படகில் ஏறுவோம். ஏறுகிறவர்கள் எல்லாரும் என்னைப் போல ஆண்களை விரும்பும் ஆண்கள். ஒரு வாரம் தீவு தீவாகச் சுற்றுவோம், ஒருவரையொருவர் "வாடி, போடி" என்று கூப்பிடுவோம், ஊரில் வருஷம் முழுக்க அடக்கி வைத்த வாயை அங்கேதான் திறப்போம். படகைச் செலுத்துகிறவன் ஸ்டாமாடிஸ். கிரேக்கன், எங்கள் ஆள்தான். ஆனால் எங்கள் கும்மாளத்தில் கலக்கமாட்டான். நாங்கள் கரையிறங்கிச் சாப்பிடப் போனால், "நங்கூரத்துக்குக் காவல் வேணும், நீங்க போங்க" என்று உட்கார்ந்துவிடுவான். நங்கூரத்தை எவன் தூக்கிக்கொண்டு ஓடப்போகிறான்? கேட்டால் சிரிப்பான்.

எந்த வழியில் போனாலும் ஒரு தீவை மட்டும் அவன் ஒதுக்கிவிடுவான். அதன் பெயரைச் சொல்ல எனக்கு மனமில்லை. அந்த ஊர் மேல் எனக்கு அவ்வளவு கோபம். அவன் பிறந்த தீவு அது. பட்டாளத்திலிருந்து கூட்டிவந்த நண்பனோடு அவனைப் பார்க்கக்கூடாத விதத்தில் பார்த்துவிட்டார் அவனுடைய அப்பா ஸராந்தோஸ். அன்றைக்கே கப்பலேற்றி அனுப்பிவிட்டார். தம்பி யாக்குமிஸ் பக்கத்தில் உட்கார்ந்து வலையைத் தைத்துக்கொண்டிருந்தானாம். தலையை நிமிர்த்தவே இல்லையாம். "அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்டா ஹில்கோ, திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்ல" என்று ஸ்டாமாடிஸ் ஒருமுறை என்னிடம் சொன்னான். அப்பா செத்த செய்தியை வேறொரு துறைமுகத்துக் காபிக் கடையில் யாரோ பேசிக்கொண்டிருந்ததில்தான் கேட்டிருக்கிறான்.

போன ஆடியில் மெல்டெமி அடித்தது. வடக்கிலிருந்து வரும் கோடைக் காற்று. அலை படகுக்குள்ளே வந்து எங்கள் தட்டு, துண்டு எல்லாவற்றையும் நனைத்தது. ஒதுங்குவதற்குக் கிட்டத்தில் இருந்தது அந்த ஒரே தீவுதான். ஸ்டாமாடிஸ் காற்றைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், சுக்கானைத் திருப்பினான்.

துறைமுக வாயில் நெருங்கும்போது டென்மார்க்குக்காரன் டோர்பென் எங்கள் வானவில் கொடியை அவிழ்க்கப் போனான். டோர்பென் வாயாடி, ஆனால் நல்ல மனசு.

"விடுறா" என்றான் ஸ்டாமாடிஸ். "கொடிய இறக்கிட்டா மட்டும் என் மூஞ்சி மாறிடுமா?"

அங்கே படகைக் கட்டும் முறை இப்படி: முன்னால் நங்கூரத்தைப் போட்டு, பின்னோக்கி வந்து, கரையில் நிற்பவரிடம் இரண்டு கயிறுகளை வீச வேண்டும். யார் நின்றாலும் பிடிப்பார்கள். பகையாளி வீசினாலும் பிடிப்பார்கள், அது அந்தக் கடலின் வழக்கம். பிடித்தவர் கயிற்றை இரும்பு வளையத்துக்குள் விட்டு, முனையைத் திரும்பப் படகுக்கே கொடுத்துவிடுவார். அப்போதுதான் கிளம்பும்போது யாரும் கரையிறங்காமலே கயிற்றை உருவிக்கொண்டு போகலாம்.

ஒரு கயிற்றோடு டோர்பென் கரைக்குக் குதித்தான். மற்றதை ஸ்டாமாடிஸ் வீசினான். வீசிய பிறகுதான் ஆளைப் பார்த்தான் போல. கை அப்படியே நின்றுவிட்டது. கரையில் நின்றவனுக்கும் அதே மூக்கு, அதே கூனல் தோள். யாக்குமிஸ்.

கயிற்றைப் பிடித்துக் குனிந்து கட்டினான் தம்பி. "நங்கூரச் சங்கிலி நீளம் போதுமா?" என்று கேட்டான்.

"போதும்."

அவ்வளவுதான். போய்விட்டான்.

"யாருடி அந்த அழகன்? வேலை தெரியாதவனா இருக்கான்" என்றான் டோர்பென். "முனையத் திருப்பித் தரல பாரு. வளையத்துலயே முடிச்சுப் போட்டுட்டான்."

"மீன்பிடிக்கிறவங்க அப்படித்தான் கட்டுவாங்க" என்றான் ஸ்டாமாடிஸ். "அவங்க படகுக்கு இந்தக் கரைதானே வீடு." டோர்பென் அதை மாற்றிக் கட்டப் போனதற்கு, "கை வைக்காத" என்று வள்ளென்று விழுந்தான்.

மற்றவர்கள் சாப்பிடப் போனார்கள். நான் அவனுக்கென்று மண்பானையில் வெந்த கொண்டைக்கடலை வாங்கி வந்தேன். கடல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிட்டான். பாதியில் நிறுத்திவிட்டு என்னைக் கேட்டான்:

"சீக்கிரம் போய்த் தொலைன்னு நினைக்கிறவன் அப்படிக் கட்டுவானாடா?"

பானையைக் கீழே வைத்துவிட்டு அவனே தொடர்ந்தான்:

"கட்டினவன்தான் வந்து அவிழ்க்கணும். எங்க அப்பா எங்க ரெண்டு பேருக்கும் அப்படித்தான் சொல்லித் தந்தாரு. காலையில வருவான் பாரு."

"வருவான்" என்றேன். வரவேண்டுமே என்று எனக்கும் இருந்தது.

விடியும்போது காற்று விழுந்துவிட்டது. எழுந்து வந்து பார்த்தால் ஸ்டாமாடிஸ் முகம் மழித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பின்பக்கம் உட்கார்ந்திருக்கிறான். அந்தச் சட்டையை நான் முன்னே பின்னே பார்த்ததில்லை. காபி போட்டுக் கொடுத்தேன், ஆறிப்போனது. ரொட்டிக் கடை திறந்தது. பூனைகள் வந்தன. மீன்பிடிப் படகுகள் நிற்கும் இடம் காலியாகக் கிடந்ததை நான் எழுந்ததுமே பார்த்துவிட்டேன். காற்று விழுந்தால் அவர்கள் கடலுக்குப் போய்விடுவார்கள். அவனுக்கும் அது தெரியாமல் இருக்குமா? தெரிந்துதான் உட்கார்ந்திருந்தான்.

நான்தான் கடைசியில், "நான் போய் அவிழ்க்கட்டுமாடா?" என்றேன்.

"வேணாம்" என்று எழுந்தான். படகிலிருந்து கரைக்குப் போட்டிருந்த பலகையில் நடந்து கரையில் கால் வைத்தான். அப்பா விரட்டியதற்குப் பிறகு அந்த மண்ணில் அவன் கால் படுவது அதுதான் முதல் தடவை. குனிந்து முடிச்சைத் தொட்டான். பார்க்காமலே அவிழ்க்கத் தெரிந்த கை. ஆனாலும் மெல்ல மெல்ல அவிழ்த்தான்.

காபிக் கடை வாசலில் நாற்காலி போட்டிருந்த ஒரு கிழவர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே முன்பின் தெரியாதவனைக் கண்டால் பெயரைக் கேட்கமாட்டார்கள், யாருடையவன் என்றுதான் கேட்பார்கள். இத்தனை கோடை வந்துபோனதில் எனக்குக் கிரேக்கம் புரியும். அவர் கேட்டது தெளிவாகக் காதில் விழுந்தது.

"யாரு வீட்டுப் பிள்ளைப்பா நீ? கயிற அவிழ்க்கிறதப் பார்த்தா நம்ம ஊர்க் கையா இருக்கே."

ஸ்டாமாடிஸ் நிமிர்ந்தான். அவிழ்த்த கயிற்றைக் கையில் பிடித்தபடியே சொன்னான்: "ஸராந்தோஸ் வீடு, பெரியவரே."

"ஸராந்தோஸா?" கிழவர் நெற்றியைச் சுருக்கினார். "அவனுக்கு ஒரே பையன்தானேப்பா, யாக்குமிஸ்."

கிழவருக்கு மறதியா, ஊரே கூடிப் பேசி மறந்ததா, எனக்குத் தெரியாது. இறங்கிப் போய் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கலாம் போல இருந்தது. படகில் ஒருவர் பாக்கியில்லாமல் ஸ்டாமாடிஸையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"ஆமா" என்றான் ஸ்டாமாடிஸ். "ஒரே பையன்தான்."

பலகையில் திரும்பி ஏறிவந்தான். கயிற்றைச் சுருட்டி என் கையில் கொடுத்தான்.

"ஈரமா இருக்கு ஹில்கோ. காய வை."