அவிழ்த்த துணி

ம்பேயு என் பக்கத்து வீட்டுக்காரி. கலோலேனி சந்தையில் முந்திரி விற்றுக்கொண்டிருந்தவள், மரபுப் பொருள் மையத்தில் வேலை கிடைத்ததும் கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு எங்கள் வாசல் வழியாகவே போய்வந்தாள். குறுக்கு வழி இருந்தும்தான். எனக்கு எரிச்சலாக இருந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் வேலையில் அவளைக் குறை சொல்ல முடியாது.

எங்கள் கிரியாமா இனத்து ஆட்களில் பெரிய மனிதர் இறந்தால் அவருக்காகச் செதுக்கிய மரக்கம்பம் ஒன்றை நடுவோம். கம்பம் என்பது பேச்சுக்குத்தான், அதுதான் அவர். இடுப்பில் துணி கட்டுவோம், கள் ஊற்றுவோம், வீட்டு விஷயம் சொல்வோம். அதைத் திருடர்கள் பிடுங்கிப்போய் வெளிநாட்டுக்காரர்களிடம் விற்கிறார்கள். அதனால் ம்பேயு போனைப் பிடித்துக்கொண்டு கம்பங்களைச் சுற்றிச் சுற்றிப் படமெடுப்பாள். கணினி அவற்றை ஒட்டி, எந்தப் பக்கமும் திருப்பிப் பார்க்கக்கூடிய உருவமாக்கிவிடும். நாளை களவுபோய் எங்கேயாவது அகப்பட்டால், எங்கள் ஆள் இவர்தான் என்று காட்டலாம்.

காற்றுதான் தொல்லை. துணி ஆடினால் படங்கள் சரியாக ஒட்டாமல் உருவம் கலங்கிவிடும். மற்ற வீட்டுக் கம்பங்களில் அவள் கைவைக்கவில்லை. காற்று அடங்கும்வரை காத்திருந்தாள். அடங்காவிட்டால் கலங்கினது கலங்கட்டும் என்று விட்டாள். தன் மாமனார் கலுமேயின் கம்பத்துக்கு வந்தபோதுதான் புத்தி கெட்டுப்போனது. நம் வீட்டு ஆள், எல்லோரையும்விடத் தெளிவாக இருக்கட்டும் என்று ஒரு பெருமை. துணிகளை அவிழ்த்தாள், எடுத்தாள், பழையபடி கட்டிவிட்டு வந்தாள்.

தெளிவாக வந்ததே வினையானது. மையத்து அதிகாரி முதீசோ வெளியூர்க்காரர். இருப்பதில் நல்லது இதுதான் என்று ஊர்க்கூட்டத்தில் அதையே போட்டார். பள்ளிக்கூடச் சுவர் முழுக்க கலுமே வந்து நின்றார். உடம்பில் ஒட்டுத் துணியில்லை. முதீசோ அவரை மெல்லத் திருப்பி முதுகைக் காட்டினார், செதுக்கு வேலையைப் புகழ்ந்தார், மறுபடி முன்பக்கம் திருப்பினார்.

"என்னய்யா பண்றீங்க? மனுஷன உரிச்சு நிக்க வச்சிருக்கீங்க!" என்று கத்தினார் பெரியவர் கஹிண்டி.

"ஐயா, மரம்தானே..." என்றார் முதீசோ.

"உங்கப்பாவ இப்படிச் சுத்திக் காட்டட்டுமா? அணைய்யா அத! யாரு அவுத்தது?"

ம்பேயு எழுந்து நின்றாள். "நான்தான்."

"மருமகளா!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். மாமனார் உட்கார்ந்த பாயில்கூட மருமகள் உட்காராத ஊர் இது. ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார்கள். நானும் குனிந்துகொண்டேன். ஆனால் அதற்குள் பார்த்தாகிவிட்டது. என் பிள்ளைகளுக்குப் பெயர் வைத்த மனிதர் அவர். என் கண்ணை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது?

மாமியார் ஹலுவாவிடம் தனியாகப் போக ம்பேயுவுக்குத் தைரியமில்லை. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கிழவி அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அத்தை, மையத்துல அத அழிச்சிட்டாங்க. துணியோட திரும்ப எடுத்துடறேன்."

"ம்."

"அவரத் திருடிட்டுப் போயிடக் கூடாதுன்னுதான் அத்தை..."

"திருடன்கூட துணியோட தூக்கிட்டுப் போயிருப்பான்டி."

ம்பேயு தரையில் உட்கார்ந்து அழுதாள். எனக்கும் ஓடிவிடலாம் போலிருந்தது. ஹலுவா ஆய்ந்த கீரையைச் சட்டியில் போட்டாள். பிறகு, எங்கள் இருவரையும் பார்க்காமலே சொன்னாள்.

"வெளக்க அணைக்காம அவரு துணி மாத்துனதே இல்ல. ரொம்பக் கூச்சக்காரரு. இத்தன புள்ள பெத்த நானே பாத்ததில்ல. இன்னிக்கு ஊரோட சேந்து உக்காந்து பாத்தேன்."