மழை பெய்த டெஸ்ட் மேட்சும் எங்கள் கேபிள் ஆபீஸ் போனும்

கேபிள் ஆபீசில் புகார் போன் எடுக்கிற வேலையில் ஒரு நிம்மதி உண்டு: உலகத்தில் எது கெட்டுப்போனாலும் அதற்கு நாம்தான் காரணம் என்பது காலையிலேயே தெரிந்துவிடும். பேங்க் கவுண்டர், கரண்ட் ஆபீஸ், ஆஸ்பத்திரி வரவேற்பு என்று அங்கங்கே உட்கார்ந்து திட்டு வாங்குகிற என் சொந்தங்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விருதுநகரில் ஒரு மருந்துக்கடை மாடியில் எங்கள் ஆபீஸ். போனுக்கு நான், கம்பம் ஏற சேவியர் அண்ணன். எனக்குக் கிரிக்கெட்டில் ஆனா ஆவன்னா தெரியாது. போன அக்டோபரில் வடக்கே ஒரு ஊரில் நம்ம ஆட்கள் டெஸ்ட் மேட்ச் ஆடினார்கள். ஆடினார்கள் என்று சொல்வதைவிட, மழை விட்டபோது ஆடினார்கள். அந்த ஐந்து நாளில் எனக்கு எல்லாம் தெரிந்துபோனது.

நின்றுபோன படம்

முதல் நாள் காலை, முதல் போன் பாண்டியன் நகரில் இருந்து. ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். கால் மணி நேரமாகப் படம் அசையவில்லை, மைதானமும் ஒரு தார்ப்பாயும் மட்டும் அப்படியே நிற்கிறது என்றார். அங்கே மழை சார், இன்னும் டாஸே போடவில்லை என்றேன். ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. இவ்வளவு வெயிலில் மழை என்று ஒரு வாத்தியாரிடமே சொல்கிறாயே என்று வருத்தப்பட்டார்.

எங்கள் பக்கத்தில் ஒருதரம் அணைத்துப் போடும்படி கேட்டார். அப்படிப் போட எங்களிடம் பொத்தான் எதுவும் கிடையாது. ஆனாலும் பெரியவர் மனசு நோகக் கூடாதென்று, போட்டாச்சு சார் என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, மைதானத்து ஊழியர் ஒருவர் வாளியும் கையுமாகத் தார்ப்பாயின் குறுக்கே நடந்து போனார். வாத்தியார் குரல் குளிர்ந்துவிட்டது. "பாத்தீகளா, நீங்க தட்டுனதும் ஓடுது. இதை முதல்லயே செஞ்சிருக்கலாம்லம்மா."

சூலக்கரையில் வெற்றி

மழை நிற்காததால், பொழுதை ஓட்ட சேனல்காரர்கள் பழைய மேட்ச் ஒன்றைப் போட்டுவிட்டார்கள். மூலையில் சின்ன எழுத்தில் அதை எழுதியும் இருந்தார்கள். சூலக்கரையில் ஒரு மாமாவுக்கு அந்த வாரம்தான் கண் ஆபரேஷன். ஒரு கண்ணில் பஞ்சுக்கட்டு. மத்தியானம் தூங்கி எழுந்து டிவியைப் போட்டிருக்கிறார். நம்ம ஆள் ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறான். ஜெயித்தாச்சு.

தீபாவளிக்கு என்று வாங்கி வைத்திருந்த ஆயிரம் வாலாவைத் தெருவில் விரித்துப் பற்ற வைத்துவிட்டார். எங்கள் பக்கத்தில் வெடிச் சத்தம் கேட்டால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள், கூட நாலு வெடியைக் கொண்டுவருவார்கள். அப்படியே வந்தார்கள். ஒரு வீட்டில் கேசரி கிண்டிவிட்டார்கள். அதைத் தின்றுகொண்டிருக்கும்போது எதிர்வீட்டு டீச்சர், நியூஸ் சேனலில் இன்னும் மழைதானே பெய்கிறது என்றிருக்கிறார். உடனே மாமா எனக்குப் போன் போட்டார். எது நிஜம் என்று கேட்டார். நீங்கள் பார்த்தது பல வருசத்துக்கு முந்தின மேட்ச், அதில் ஆடியவர்கள் பாதிப்பேர் ரிட்டயர் ஆகிவிட்டார்கள் என்று மெதுவாகச் சொன்னேன். "சரி, அன்னைக்கு நான் வெடி போடலை. அந்தக் கணக்குல வச்சுக்கிடுதேன்" என்றார்.

புல் காய்கிற வரை

இரண்டாம் நாள் அங்கே நல்ல வெயில். ஆனாலும் ஆட்டம் இல்லை, தரை ஈரமாம். ரோசல்பட்டியில் ஒரு அண்ணாச்சி, சிவகாசி ரோட்டில் ஒரு வெடி கம்பெனியில் போர்மேன். சீசன் உச்சத்தில், வயிற்றுவலி என்று இரண்டு நாள் லீவு போட்டு மேட்ச் பார்க்க உட்கார்ந்தவர். கம்பெனியில் இருந்து, வயிறு எப்படி இருக்கிறது என்று வேறு விசாரித்துக்கொண்டே இருக்கிறார்களாம்.

மணிக்கு ஒருதரம் இரண்டு அம்பயரும் வருவார்கள், காலால் புல்லை அமுக்குவார்கள், தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். மணிக்கு ஒருதரம் அண்ணாச்சி எனக்குப் போன் போடுவார், ஏதோ அம்பயர்கள் பக்கத்து ரூமில் இருப்பது போலவும், நான் எட்டிப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்பது போலவும். மூன்றாவது தடவை கூப்பிட்டுச் சொன்னார்: "தாயி, ரெண்டு மணி நேர வெயிலு குடுத்தா நாங்க வெடியவே காயப்போட்டு லோடு ஏத்திருவோம். அம்புட்டுப் பேரு சேந்து ஒரு புல்லைக் காய வைக்கத் தெரியலையே."

வார்டில் அம்பயர்

அதே நாள் ஒரு ஆஸ்பத்திரியில் இருந்து ஜெபமணி சிஸ்டர் கூப்பிட்டார். ஆண்கள் வார்டு டிவிக்கு எங்கள் கேபிள்தான். சாத்தூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர், குடலிறக்க ஆபரேஷன் முடிந்து இரண்டு நாள் ஆகிறது. எழுந்து நடக்காவிட்டால் காலில் ரத்தம் கட்டிவிடும் என்று டாக்டர் எச்சரித்துவிட்டார். அவரோ, நான் அங்கிட்டுப் போன நேரம் பார்த்து ஆட்டம் ஆரம்பித்துவிடும் என்று கட்டிலை விட்டு அசைய மறுக்கிறார். மகன்கள் கெஞ்சியாயிற்று, மனைவி அழுதாயிற்று. ஆட்டம் எத்தனை மணிக்கு என்று நிச்சயமாகச் சொல்ல முடியுமா என்று சிஸ்டர் கேட்டார். அம்பயருக்கே தெரியாது சிஸ்டர், அவர்களே நடந்து நடந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றேன்.

சிஸ்டர் அதைப் பிடித்துக்கொண்டார். அம்பயர் நடக்கிறார், நீங்களும் நம்ம வராண்டாவை ஒருதரம் நடந்து பார்த்து வந்து சொல்லுங்கள், அதுவரைக்கும் நான் டிவி பக்கத்திலேயே நிற்கிறேன் என்று பெரியவரிடம் சத்தியம் பண்ணியிருக்கிறார். பெரியவர் யோசித்தார். சுவரைப் பிடித்து எழுந்தார். ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு வராண்டாக் கடைசிவரை போய்த் திரும்பி வந்தார். சிஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டதாம். பெரியவர் வந்து கட்டிலில் உட்கார்ந்து, கண்டிப்பான குரலில் சொன்னது: "இப்பத்தான் மாப் போட்டிருக்காக சிஸ்டர், ஈரம் காயலை. மூணு மணிக்கு இன்னொருக்க பாத்துச் சொல்லுதேன்."

சாத்தூர் சம்பந்தம்

மூன்றாம் நாள் ஆட்டம் ஒழுங்காக நடந்தது. ஒரு போன் கூட வரவில்லை. எனக்கே சந்தேகம் வந்து ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தேன்.

நாலாம் நாள் ஞாயிறு. சாத்தூரில் ஒரு வீட்டில் பெண் பார்க்க வருகிறார்கள், டிவி தெரியவில்லை, உடனே ஆள் வேண்டும் என்று பெண்ணின் அப்பாவே கூப்பிட்டார். அங்கே நடந்ததை வந்து சொன்னது, போன சேவியர் அண்ணன்தான். அவர் மொட்டைமாடியில் வயரை மாற்றிவிட்டு இறங்கும்போது, கூடத்தில் இரண்டு சம்பந்தியும் தோளோடு தோள் உரசிக்கொண்டு மேட்ச் பார்த்தார்களாம். மழை வந்து ஆட்டம் நின்றது. வேறு வேலை இல்லாததால் கல்யாணப் பேச்சை எடுத்தார்கள். மண்டபம் சாத்தூரிலா, மாப்பிள்ளை ஊரிலா என்பதில் தடித்தது. மாப்பிள்ளையின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்துவிட்டார். மாப்பிள்ளை பாவம், பெண்ணையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்தப் பெண்ணும் அவனைத்தான் பார்த்தது.

வாசலில் செருப்பை மாட்டும்போது, மழை விட்டுருச்சு என்று டிவியில் சத்தம். செருப்போடு திரும்பி வந்து உட்கார்ந்தார். ஒரே ஓவரில் இரண்டு விக்கெட். இரண்டு அப்பாவும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பெண்ணின் அம்மா சமயம் பார்த்து, தட்டு மாற்றிக்கொள்ளத் தாம்பாளத்தைக் கையில் கொடுத்துவிட்டார். கிளம்பிய சேவியர் அண்ணனை அந்தப் பெண் படியில் நிறுத்தி மெதுவாகச் சொன்னதாம்: "அண்ணே, கல்யாணத்துக்கும் மேட்ச் இருக்கிற நாளாப் பாத்துச் சொல்லுங்க. மழை இல்லாத ஊரா இருக்கட்டும்."

கடைசி அரை மணி

ஐந்தாம் நாள் சாயங்காலம். அங்கே வெளிச்சம், இங்கே இடியும் மழையும். நம்ம ஆட்களுக்கு இன்னும் இரண்டே விக்கெட் வேண்டும், அரை மணி நேரம் இருக்கிறது. விருதுநகர் முழுக்கக் கரண்ட் போய்விட்டது. செல்போன் டவரும் தள்ளாடியது. மழைக்கு ஒதுங்கியவர்கள் எங்கள் மாடிப்படியில் நெருக்கியடித்து நின்றார்கள். கேபிள் ஆபீஸ்காரிக்கு ஸ்கோர் தெரியாமலா இருக்கும் என்று என் முகத்தையே பார்த்தார்கள்.

அப்போது ஆலங்குளத்தில் இருந்து ஒரு அக்கா கூப்பிட்டார். அங்கே கரண்ட் இருந்தது. சீரியலில் சத்தம் வரவில்லை என்று புகார். காலில் விழாத குறையாக மேட்ச் சேனலுக்கு மாற்றச் சொல்லி, ஸ்பீக்கரில் போட்டேன். அக்காவுக்குக் கிரிக்கெட் சுத்தமாகத் தெரியாது. அங்கேயும் சத்தம் வரவில்லை. வெள்ளைச் சட்டைக்காரர்கள் எல்லாம் ஓடிவந்து கட்டிப்பிடிக்கிறார்கள் என்றார். படியில் ஆரவாரம்; ஒரு விக்கெட். பிறகு வெகுநேரம் இவன் பந்தை வீசுகிறான், அவன் தட்டி வைக்கிறான், வீசுகிறான், தட்டி வைக்கிறான். திடீரென்று எல்லோரும் கை குலுக்குகிறார்கள் என்றார் அக்கா. யார் முகத்தில் சிரிப்பு இருக்கிறது, நன்றாகப் பாருங்கள் என்று கெஞ்சினேன். அக்கா நிதானமாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டு பக்கமும் லேசாத்தான் சிரிக்காக. சண்டை சச்சரவு இல்லாம முடிஞ்சிருச்சு, நல்லதுதானம்மா, இனி என் சீரியலுக்குச் சத்தத்தைக் குடுங்க."

ஆடினவர்கள்கூட மழைக்கு ஒதுங்கிக்கொண்டு, யாருக்கும் வெற்றியில்லாமல் டிராவில் முடித்த அந்த மேட்ச்சில், ஐந்து நாளும் விடாமல் ஃபீல்டிங் செய்த ஒரே ஆள் நான்தான்.