வரம்புக்கு மேல் பதினோரு பேர்

உத்தமனைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை. அவருடைய வலது கால் போனதில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் நான் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப் போவதில்லை. டாக்டர் பத்ரிநாத்தின் கட்டுரையில் அவர் ஓர் எண்ணாகக்கூட இல்லை.

1997இல் பெங்களூரில் நான் வேலை பார்த்த மருத்துவமனையில் சர்க்கரை நோயாளிகளின் கால்களைப் பற்றி ஓர் ஆராய்ச்சி நடந்தது. காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபடுவதை முன்கூட்டியே கண்டுபிடித்து, மருந்தும் நடைப்பயிற்சியும் கொடுத்தால் எத்தனை கால்களைக் காப்பாற்றலாம் என்பதுதான் கேள்வி. டாக்டர் பத்ரிநாத் தலைவர். ஜோசஃபின் ஆகிய நான் அளவெடுப்பவள். நர்ஸ் இல்லை, டெக்னீஷியன்தான். இருந்தாலும் வந்தவர்கள் எல்லோரும் சிஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். நானும் திருத்தவில்லை. உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

உத்தமனுக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. திருப்பத்தூர்க்காரர். பீன்யாவில் இயந்திரத் தண்டுகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இன்ஸ்பெக்டர். லேத்தில் கடைந்து வரும் தண்டுகளை அளந்து, சரியாக இருந்தால் பச்சை பெயின்ட்டும் தவறாக இருந்தால் சிவப்பு பெயின்ட்டும் வைக்கிற வேலை. இருபத்திரண்டு வருஷமாக அதே மேசை. அவர் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது என்று அங்கே பேச்சு. அவருடைய அண்ணன் சர்க்கரையால் இரண்டு காலும் போய், மூன்று வருஷம் கட்டிலோடு கிடந்து செத்தார். குளிப்பாட்டித் துடைத்தவர் உத்தமன்தான்.

"உசுரு போனாக்கூடப் பரவால்ல சிஸ்டர், காலு போவக்கூடாது" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

அளவெடுக்கும் முறை எளிது. கையில் பட்டி கட்டி ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். பிறகு கணுக்காலில் அதே பட்டியைக் கட்டி, காற்றடித்து ரத்த நாளத்தை நசுக்கி, ஓசை கேட்கும் கருவியை வைத்துப் பார்க்க வேண்டும். கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்தால் ஒன்றை ஒட்டி வரவேண்டும். 0.9க்குக் கீழே போனால் அடைப்பு. இதை எல்லோருக்கும் கிளிப்பிள்ளைபோல் சொல்லுவேன். மற்றவர்கள் தலையாட்டிவிட்டுப் படுப்பார்கள். உத்தமன் படுக்கவில்லை.

"இந்த மெஷின எப்ப செக் பண்ணீங்க?"

"போன மாசம்தாண்ணா."

"சர்டிபிகேட் இருக்குதா?"

எடுத்துக் காட்டினேன். முன்னும் பின்னும் திருப்பிப் படித்தார். பெண் பார்க்க வந்த மாமனார்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டார் என்று சொன்னேன். சிரித்துக்கொண்டே படுத்தார். இடது கால் 1.38, வலது கால் 1.42.

"சூப்பர் அண்ணா, சின்னப் பையன் கால் மாதிரி இருக்கு" என்றேன். அந்த வார்த்தையை இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அடுத்த வாரம் டாக்டர் அந்தத் தாளில் சிவப்பு வட்டம் போட்டார். சர்க்கரை முற்றிய சிலருக்கு நாளத்தின் சுவரில் சுண்ணாம்பு படிந்து கெட்டியாகிவிடும், எவ்வளவு காற்றடித்தாலும் பட்டியால் அதை நசுக்க முடியாது, அதனால்தான் எண் பொய்யாக ஏறுகிறது என்று விளக்கினார். உள்ளே அடைப்பு இருந்தாலும் தெரியாது.

"இத வெச்சுண்டு நாம ஒண்ணும் பண்ண முடியாது. 1.3க்கு மேல இருக்கறவா எல்லாரையும் எடுத்துடு. வேற எங்கயாவது கால் விரல்ல பிரஷர் பாத்துக்கச் சொல்லி லெட்டர் போட்டுடு" என்றார்.

அப்படிப் பதினோரு பேர் இருந்தார்கள். விரலில் அழுத்தம் பார்க்கும் கருவி எங்களிடம் இல்லை. வேறு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கேட்கலாம் என்று போனால் டாக்டர் மாநாட்டுக்குக் கிளம்பிப் போயிருந்தார். தபால் அன்றைக்கே போக வேண்டும் என்று நானே ஓர் அவசரத்தை வைத்துக்கொண்டு, விரல் அழுத்தம் பற்றிய அந்த வரியை விட்டுவிட்டு எழுதினேன். 'தங்கள் கால் அளவு எங்கள் வரம்புக்கு மேல் உள்ளது. இனித் தாங்கள் பரிசோதனைக்கு வர வேண்டியதில்லை. ஒத்துழைப்புக்கு நன்றி.' என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். பதினோரு கடிதத்தையும் அழகாக எழுதினேன்.

உத்தமன் அதை எப்படிப் படித்தார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அவர் மேசையில் ஒரு தண்டு அளவுக்கு மேல் இருந்தால் குப்பையில் போட மாட்டார்கள். இன்னும் கொஞ்சம் கடைந்தால் சரியாகிவிடும். அளவுக்குக் கீழே போனதுதான் உருப்படாது. நானும் 0.9க்குக் கீழே போனால்தான் ஆபத்து என்று சொல்லியிருந்தேன். இவர் கால் மேலே இருக்கிறது, இனி வரவும் வேண்டாம் என்கிறார்கள். சோதனை மேசையை விட்டு ஒரு பொருளை அனுப்புகிறார்கள் என்றால் அது தேறிவிட்டது என்றுதானே அவருக்குத் தெரியும். அன்றைக்கு வீட்டுக்கு மைசூர்பாகு வாங்கிப் போனாராம். தினமும் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்க்கச் சொல்லியிருந்தோம். அதையும் நிறுத்திவிட்டார்.

டிசம்பரில் அவருடைய மனைவி அன்னம்மாள் தாசரஹள்ளியிலிருந்து இரண்டு பஸ் மாறி என்னைத் தேடி வந்தார். நான் ஆண்டறிக்கைக்குத் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"சிஸ்டர், அவரு வலது காலு மட்டும் சில்லுனு இருக்குது. ஐஸ் மாதிரி. சொன்னா, உங்க லெட்டர எடுத்துக் காட்றாரு. கால்தான் பாஸாயிடுச்சே, சும்மா எதுக்குப் பயப்படறேன்றாரு."

"பெங்களூர்க் குளிர்லக்கா, என் காலும் அப்படித்தான் இருக்கு. சாக்ஸ் போடச் சொல்லுங்க" என்றேன், தாளிலிருந்து தலையை எடுக்காமல்.

அவர் போய்விட்டார். வலது கால் மட்டும் என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. புத்தியில் ஏறவில்லை. குளிர் ஒரு காலை மட்டும் பிடிக்காது என்பது எனக்குத் தெரியாதா என்ன?

பிப்ரவரியில் உத்தமனைக் கொண்டுவந்தார்கள். லேத்திலிருந்து தெறித்த இரும்புச் சீவல் ஒன்று அவர் ஷூவுக்குள் விழுந்து, பெருவிரலுக்குக் கீழே ஏறியிருக்கிறது. மரத்துப்போன கால், தெரியவில்லை. மூன்று நாள் அதன்மேலேயே நின்று வேலை பார்த்திருக்கிறார். வீட்டில் ஏதோ எலி செத்துவிட்டது என்று அலமாரியெல்லாம் நகர்த்திப் பார்த்திருக்கிறார்கள். கடைசியில் அன்னம்மாள் சாக்ஸைக் கழற்றியபோது அது தோலோடு வந்தது. முதலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். ரத்தமே வராத இடத்தில் காயம் எப்படி ஆறும்? கருப்பு மேலே ஏறிக்கொண்டே போனது. பத்தாம் நாள் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் வர நான்கு நாள் ஆனது. இளநீரோடு போனேன். அன்னம்மாள் என்னைப் பார்த்ததும் எழுந்து வெளியே போய்விட்டார். ஏசியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், நெஜத்தச் சொல்லுங்க" என்றார் உத்தமன். "மேல இருக்குதுன்னு எழுதனீங்களே, அது நல்லதா கெட்டதா?"

எல்லாவற்றையும் சொன்னேன். சுண்ணாம்பு படிந்த நாளம், நசுங்காத குழாய், பொய்யான எண், நான் விட்டுவிட்ட வரி. அவர் போர்வைக்குக் கீழே தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப அளக்கற கேஜு தப்பு. தப்புன்னு தெரிஞ்சே பீஸ வெளிய உட்டுட்டீங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கு அது எரிச்சலைத்தான் கொடுத்தது.

"அழுவாதீங்க. இந்த லெட்டரு எத்தினி பேருக்குப் போச்சு?"

"உங்களோட சேத்துப் பதினோரு பேர்."

"கேஜு தப்புன்னு தெரிஞ்சா எங்க கம்பெனில இன்னா பண்ணுவோம் தெரியுமா? அந்தக் கேஜுல பாத்த அத்தினி பீஸயும் திரும்ப வரவெப்போம். லாரி ஏறிப் போனாலும் உடமாட்டோம். நானே ஓசூருக்குப் பஸ் புடிச்சிப் போயி எடுத்தாந்திருக்கேன். மீதி பத்துப் பேரு இருக்காங்க. நீங்க இங்க ஒக்காந்து இளநி சீவிக்கினு இருக்கீங்க."

டாக்டரிடம் போனேன். "அவாள்ளாம் நம்ம ஸ்டடிலயே இல்லயே ஜோசஃபின்" என்றார் முதலில். நான் அறையை விட்டு நகரவில்லை. வெகுநேரம் கழித்து முகவரிப் பட்டியலைக் கொடுத்தார். ரத்தக்குழாய் அறுவை செய்கிற ஒரு டாக்டரின் பெயரையும் எழுதிக் கொடுத்து, நான்கு நாள் விடுப்பும் தந்தார். அவரும் கெட்டவர் இல்லை. வரம்புக்கு வெளியே இருப்பவர்களை அவர் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

பஸ்ஸிலும் நடையிலுமாக அலைந்தேன். ஒருவர் ஜனவரியிலேயே இறந்திருந்தார். மாரடைப்பு என்றார்கள். இரண்டு பேர் வீடு மாறிப் போயிருந்தார்கள், எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. ஒருவருக்குக் குதிகாலில் புண் இருந்தது, மஞ்சள் பூசி வைத்திருந்தார். ஐந்து பேரின் கால்கள் பார்வைக்கு நன்றாகவே இருந்தன. அதை நம்ப நான் தயாராக இல்லை, அவர்களையும் அந்த அறுவை டாக்டரிடம் அனுப்பிவைத்தேன். சாயங்காலமானால் வார்டுக்குப் போய் உத்தமனிடம் ஒப்பிப்பேன். அவர் தலையணைக்கடியில் வைத்திருந்த பட்டியலில் பெயர்களை அடித்துக்கொண்டே வருவார். சபாஷ் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கடைசிப் பெயர் மரகதம், சந்தாபுரா. நான்காம் நாள் மத்தியானம் போனேன். ஐம்பத்தைந்து வயதிருக்கும், வேலைக்குப் போகிற பெண்களுக்கு வீட்டிலேயே சமைத்துக் கொடுப்பவர். என்னை அடையாளம் கண்டு வாய் நிறைய வரவேற்றார். என் கடிதம் சாமி படத்துக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் தொங்கிக்கொண்டிருந்தது.

"காலக் காட்டுங்கம்மா" என்றேன்.

"காலு ஜம்முனு இருக்குது சிஸ்டர். நீங்கதானே எழுதினீங்க."

உட்காரவைத்து நானே செருப்பைக் கழற்றினேன். இடது காலின் சுண்டுவிரலும் அதற்கடுத்ததும் கத்திரிக்காய்த் தோல் நிறத்தில் இருந்தன. தொட்டேன். ஒரு விரல் ஜில்லென்றிருந்தது, மற்றதில் இன்னும் கொஞ்சம் சூடு இருந்தது. அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. நானே போய் அணைத்துவிட்டு, தெருவில் போன ஆட்டோவை நிறுத்தி, அவரைக் கையைப் பிடித்து ஏற்றினேன்.

"துளிகூட வலிக்கலியேம்மா, எதுக்கு இத்தினி அவசரம்?" என்று மருத்துவமனை வரைக்கும் அவர் கேட்டுக்கொண்டே வந்தார்.