நசீருதீன் இறங்காத பார்சிலோனா

லப்பைக்குடிக்காட்டில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருக்கும் நசீருதீனுக்கு ஐம்பத்தெட்டு வயது. கடை போடுவதற்கு முன் ஒன்பது வருஷம் ஒரு சுற்றுலாக் கப்பலில் வேலை பார்த்தார். என்ன வேலை என்று கேட்டவர்களிடமெல்லாம் ‘ஸ்டோர்ஸ்ல’ என்பார். மனைவி ஹபீபாவிடமும் அதையேதான் சொல்லி வைத்திருந்தார்.

துபாயில் இருக்கும் மகன் உபைத் போன நோன்புப் பெருநாளுக்கு வந்திருந்தபோது, “அத்தா, அம்மாவைக் கூட்டிக்கிட்டு எங்கயாச்சும் போயிட்டு வாங்க. எந்த ஊருன்னு மட்டும் சொல்லுங்க, மத்ததை நான் பாத்துக்குறேன்” என்றான்.

நசீருதீன் யோசிக்கவே இல்லை. “பார்சிலோனா” என்றார்.

ஊட்டி, கொடைக்கானல் என்று ஏதாவது சொல்வார் என எதிர்பார்த்திருந்த ஹபீபாவுக்கு ஆச்சரியமாகிவிட்டது. அன்றிலிருந்து ஒரு மாதம் அவர் கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் போனில் அந்த ஊரின் வரைபடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். துறைமுகத்திலிருந்து கடைத்தெருவுக்கு எத்தனை நிமிஷ நடை, ஹலால் சாப்பாடு எந்தத் தெருவில் கிடைக்கும் என்றெல்லாம் அவளுக்குக் காட்டினார்.

“நீங்கதான் இதெல்லாம் பாத்திருப்பீங்களே?” என்று கேட்டாள் ஹபீபா.

“எங்க? எறங்க நேரமே இருக்காது” என்று பேச்சை மாற்றிவிட்டார்.

ஆனியில் உபைத் போன் செய்தான். எல்லாம் பதிவு செய்தாகிவிட்டது, பெரம்பலூரில் பாலாஜி என்பவரின் டிராவல்ஸ் ஆபீசுக்குப் போய்ப் பாஸ்போர்ட்டைக் கொடுத்தால் போதும் என்றான். இருவரும் காலை பஸ்சில் கிளம்பிப் போனார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் இருந்தது அந்த ஆபீஸ். பாலாஜி சிரித்த முகத்தோடு கம்ப்யூட்டரை அவர்கள் பக்கம் திருப்பினார்.

“பையன் சர்ப்ரைஸ் வெச்சிருக்காரு சார். கப்பல் டூர்! பார்சிலோனாவுல ஏறி, ஏழு நாள் கடல்ல சுத்திட்டு, திரும்ப அங்கயே எறங்குறீங்க. இதைப் பாருங்க, நாள் முழுக்க சாப்பாடு. எவ்ளோ வேணாலும் எடுக்கலாம், புடிக்கலேன்னா அப்படியே வெச்சுடலாம்.”

திரையில் ஐஸ்கட்டியில் செதுக்கிய அன்னம் ஒன்று நின்றது. அதைச் சுற்றி இறால் குவிந்து கிடந்தது. ஒரு பெண் கேக்கில் ஒரு வாய் கடித்துவிட்டு, உதட்டைப் பிதுக்கித் தட்டைத் தள்ளி வைத்தாள். அந்தத் தட்டு அடுத்து எங்கே போகும் என்று நசீருதீனுக்குத் தெரியும். எழுந்து படியிறங்கி ஓடியவர், சாக்கடையோரம் குனிந்து வாந்தி எடுத்தார்.

தண்ணீர் பாட்டிலோடு ஹபீபா பின்னாலேயே ஓடி வந்தாள். “என்னங்க ஆச்சு? பித்தமா?”

வாயைக் கொப்பளித்துவிட்டு அவர் கடைசிப் படியில் உட்கார்ந்தார். “அந்தத் தட்டெல்லாம் எங்கிட்டதான் வரும், ஹபீபா.”

அங்கேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். கப்பலின் அடித்தட்டில், ஜன்னல் இல்லாத அறையில், மூவாயிரம் பேரின் எச்சிலைக் கையால் பிரிப்பதுதான் அவர் வேலை. எலும்பு ஒரு தொட்டியில், உடைந்த கண்ணாடி ஒரு தொட்டியில். கடல் ஆடும் நாட்களில் ஜனங்கள் வாந்தியெடுத்த பைகளும் அதோடு சேர்ந்து வரும். புளித்த கள்ளும் மீனும் கலந்த மாதிரி ஒரு வாடை. எவ்வளவு குளித்தாலும் தலைமுடியை விட்டுப் போகாது. பார்சிலோனாவில் கப்பல் நிற்கும் அன்றைக்குத்தான் குப்பையை இறக்க வேண்டும் என்பதால் அவரால் கரையில் கால் வைக்கவே முடிந்ததில்லை. குப்பை இறக்கும் கதவு வழியாக ஒரு மலையும் கொஞ்சம் வானமும் தெரியும். ஒன்பது வருஷத்தில் அவர் பார்த்த ஊர் அவ்வளவுதான்.

ஹபீபா அவர் கைகளையே பார்த்தாள். “பன்னிக்கறியுமா?”

“அதுவும்தான். கையுறை போட்டுக்கிட்டுத்தான் அள்ளுவேன். அப்படியும் தொழுகைக்கு ஒளு எடுக்குறப்பல்லாம் கையை எத்தன தடவ தேய்ப்பேன்னு கணக்கில்ல.”

அவள் ஒரு படி தள்ளி உட்கார்ந்தாள். “குப்பையை அள்ளுனதுல எனக்கு அருவருப்பு இல்ல. இத்தனை வருஷமா எங்கிட்ட பொய் சொன்னீங்களே, அதை நெனச்சாத்தான் குமட்டுது” என்றாள்.

இருவரும் மறுபடி மேலே போனார்கள். கப்பல் வேண்டாம், ஊர் மட்டும் போதும் என்று நசீருதீன் சொன்னார். காரணத்தையும் மறைக்கவில்லை. பாலாஜி முகம் சுளித்து, உடனே சரிசெய்துகொண்டார். “விசா ஃபார்ம்ல பழைய வேலை கேக்குறான் சார். மேனேஜர்னு போட்டுடுவோம். குப்பைன்னு எழுதுனா அசிங்கமா இருக்கும்.”

“குப்பை பிரிக்கிற வேலைன்னே போடுங்க தம்பி” என்றாள் ஹபீபா.

வீட்டுக்கு வந்ததும் உபைத்தின் போன் வந்தது. கப்பல் வேண்டாம் என்றதை மட்டும் பாலாஜி அவனிடம் சொல்லியிருந்தார். “இப்ப நீங்க பாசஞ்சர் அத்தா. மேல ராஜா மாதிரி இருக்கலாம்.”

“நான் மேல உக்காந்து தின்னுட்டு மிச்சம் வெப்பேன், என்னை மாதிரி எவன் பெத்த புள்ளையோ கீழ நின்னு அதை அள்ளணுமா? தூ! அந்தக் கப்பல் பேரை எங்கிட்ட எடுக்காத.”

மகன் போனை வைத்துவிட்டான். மூன்றாம் நாள், விமான டிக்கெட்டும் பார்சிலோனா ஊருக்குள் சமையலறையோடு ஒரு சின்ன வீடும் பதிவு செய்த விவரம் வாட்ஸப்பில் வந்தது. கூடவே ஒரு வரி எழுதியிருந்தான்: “எனக்குத் தெரியாது அத்தா.”

இருவரும் சென்னைக்குப் போய் விசாவுக்குக் கைரேகை வைத்துவிட்டு வந்தார்கள். அந்த நாட்களில் ஹபீபா அவரிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. சோற்றைப் போட்டுவிட்டு உள்ளே போய்விடுவாள்.

விசா வந்த அன்று பக்கத்து வீட்டு ஃபைஸா விசாரிக்க வந்தாள். “மாமா முன்ன அந்த ஊருப் பக்கம்தானே இருந்தாங்க? என்ன வேலை மாமி?”

“கப்பல்ல குப்பை பிரிச்சாங்க” என்றாள் ஹபீபா.

ஃபைஸாவின் மூக்கு சுருங்கியது. முந்தானை நுனி தானாக வாய்க்குப் போனது. அந்த முகத்தைப் பார்க்க ஹபீபாவுக்குச் சகிக்கவில்லை. டீ வேண்டுமா என்றுகூடக் கேட்காமல் அவளை அனுப்பிவிட்டுக் கூடத்துக்கு வந்து, நசீருதீனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அந்த மேப்பைக் காட்டுங்க” என்றாள்.