அகலின் அடியில் என் குறி

எங்கள் கட்சியின் வட்டச் செயலாளர் எங்களுடைய ரகசிய ஓட்டை எட்டிப் பார்த்தவர். பார்த்ததை முதலாளி வீட்டில் போய்ச் சொன்னவர். நான் யார் பெயரையும் இங்கே எழுதவில்லை. ஆனால் அவர் படித்தால், எழுதியது யார் என்று அவருக்குத் தெரிந்துவிடும். தெரியட்டும்.

இது நடந்தது போன ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், விருத்தாசலத்தில் எங்கள் வார்டில் இருக்கிற சின்னக் கல்யாண மண்டபத்தில். எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கியது. நகராட்சித் தேர்தல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் கட்சி சார்பில் யாரை நிறுத்துவது என்று இரண்டு மாதமாகச் சண்டை. இரண்டு பேர் கேட்டார்கள். ஒருவர், நான் வேலை செய்யும் செராமிக் யூனிட் முதலாளியின் மனைவி. கட்சி அட்டை வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இன்னொருத்தி அதே யூனிட்டில் என்னோடு வேலை செய்யும் என் தோழி. காலனியைச் சேர்ந்தவள். பத்து வருஷத்துக்கு மேல் கட்சிக்காக வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்தவள். எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வராதபோது நகராட்சி ஆபீஸ் வாசலில் காலிக் குடத்தோடு உட்கார்ந்தவள். அது அவள் தெருவே இல்லை.

அந்த இரண்டு மாதத்தில் எங்கள் வார்டு எத்தனை துண்டாக இருக்கிறது என்று பார்த்துவிட்டேன். எங்கள் தெருவில் எல்லாம் நிலம் வைத்திருந்த குடும்பங்கள். என் வீட்டுக்காரரே சொன்னார், "பொம்பள நிக்கட்டும், வேணாங்கல. காலனி பொம்பளதான் கெடச்சாளா?" சரி, காலனி ஆண்களாவது அவள் பக்கம் நிற்பார்கள் என்று பார்த்தால், அங்கே ஒருவர், "அவ சேர்ல உக்காந்துக்குவா, நாங்க எதிர்ல மனுவ வச்சிக்கிட்டு நிக்கணுமா" என்று கேட்டாராம். கடைவீதிக்காரர்களுக்குச் சாதியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். காரில் வருகிறவர் நின்றால் போதும். யார் எந்தப் பக்கம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. டீக்கடையில் நான் போய் நின்றால் பேச்சு நின்றுவிடும்.

அப்போதுதான் வட்டச் செயலாளர் ஒரு யோசனை சொன்னார். "எதுக்கு சண்டை? கார்டு வச்சிருக்கிற எல்லாரும் வாங்க, ரகசியமா ஓட்டு போட்டு எடுத்துக்கலாம். சீட்டுல எழுதினா கையெழுத்து தெரிஞ்சிடும். எழுதத் தெரியாதவங்களும் இருக்கீங்க. நம்ம ஊரு சாமானையே ஓட்டா வச்சிக்குவோம்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

மண்டபத்தின் ஒரு மூலையில் வேட்டியைத் திரையாகக் கட்டி, உள்ளே இரண்டு ஊறுகாய் ஜாடி வைத்திருந்தார்கள். வெள்ளை ஜாடி முதலாளியம்மாவுக்கு. பழுப்பு ஜாடி அவளுக்கு. இதிலேயே ஒரு குசும்பு இருக்கிறது என்று நினைத்தேன். ஆண்களுக்கு ஆளுக்கு ஒரு பீங்கான் ஃபியூஸ் கட்டை, பெண்களுக்கு ஆளுக்கு ஒரு அகல் விளக்கு. ஏன் இரண்டு சாமான் என்று கேட்டதற்கு, பொம்பள ஓட்டு எவ்வளவு விழுந்தது என்று மேலிடத்தில் கேட்பார்கள் என்றார் செயலாளர். ஆண்கள் கூடையில் கைவிட்டு அவர்களே எடுத்துக்கொண்டார்கள். பெண்களுக்கு மட்டும் பெயர் வாசித்து, எங்கள் யூனிட் மேஸ்திரி எடுத்துக் கொடுத்தார். அவரும் கட்சிக்காரர்தான். என் பெயர் வந்ததும் தட்டில் கொஞ்ச நேரம் தேடினார். இரண்டைத் திருப்பிப் பார்த்து வைத்துவிட்டு, மூன்றாவதைக் கொடுத்தார்.

என் வேலையைச் சொன்னால்தான் மற்றது புரியும். அச்சிலிருந்து எடுத்த ஈரச் சாமானின் ஓரத்தில் மண் துருத்திக்கொண்டிருக்கும். அதைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்து வைப்பது என் வேலை. வைக்கும்போது ஒவ்வொருத்தியும் அடியில் கத்தி முனையால் தன் குறியைக் கீறிவிட வேண்டும். சூளையில் விரிசல் விட்டால் யார் கை என்று மேஸ்திரிக்குத் தெரிய வேண்டும் அல்லவா. என் குறி கோழிக்கால் மாதிரி மூன்று கோடு. மேலே கிளேஸ் என்கிற பளபளப்புப் பூச்சை ஏற்றினாலும் அடியில் துடைத்துவிடுவார்கள், இல்லையென்றால் சூளைப் பலகையில் ஒட்டிக்கொள்ளும். அதனால் சுட்ட பிறகும் குறி அப்படியே இருக்கும்.

திரைக்குப் பக்கத்தில் போகும்போது கையில் இருந்த அகலைத் திருப்பினேன். கோழிக்கால்.

எனக்கு முன்னால் நின்றவள் தையல் வேலை செய்பவள், யூனிட்டுக்கு வராதவள். அவள் அகலை எட்டிப் பார்த்தேன். அடி வழவழவென்று இருந்தது, யார் குறியும் இல்லாத வேறு யூனிட் சாமான். தற்செயல் இல்லை என்று அந்த நொடியில் தெரிந்துவிட்டது. அப்போதே நான் கத்தியிருக்க வேண்டும். எதற்கெடுத்தாலும் கத்துகிறவள் நான். மண்டபம் முழுக்க ஆட்கள் இருந்தார்கள். தோழி முன் வரிசையில் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

நான் திரையை விலக்கினேன். உள்ளே போனேன். மகள் நர்சிங் சேர்ந்த வருஷம் அது. இந்த வேலை போனால் அடுத்த யூனிட்டில் சேர்க்க மாட்டார்கள், முதலாளிகள் எல்லாம் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். இப்படி யோசித்தேன் என்று சொன்னால் பாதி உண்மைதான். வீட்டில் அவர் சொன்னதும், எங்கள் தெரு சொன்னதும் எனக்குள்ளேயும் எங்கோ இருந்தது. பழுப்பு ஜாடியைப் பார்த்தேன். வெள்ளை ஜாடியில் போட்டேன். சத்தம் வராமல் கையை உள்ளே விட்டு வைத்தேன்.

எண்ணும்போது இரண்டு பேரையும் மேடைக்குக் கூப்பிட்டு, பாயில் கொட்டி எண்ணினார்கள். தோழி இரண்டு ஓட்டில் தோற்றாள். நான் ஒருத்தி மாற்றிப் போட்டிருந்தால் சமம். இன்னொரு தடவை ஓட்டு வைத்திருப்பார்கள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் நான் பேசினேன். தோழி கூடவே நடந்து வந்தாள். காலனி ஆண்களைத் திட்டினேன். கடைவீதியைத் திட்டினேன். பேக்கிங் பகுதியில் வேலை செய்யும் மங்கலம்பேட்டைப் பெண்ணைத் திட்டினேன். அவள் புருஷன் துபாயில் இருக்கிறார். "அவ பெரிய எடத்து ஆளு. அவதான் ஒனக்கு எதிரா போட்டிருப்பா, எழுதி வச்சிக்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்டது. நிறுத்த முடியவில்லை.

"வுடுக்கா. ஆளாளுக்கு ஒரு கஷ்டம் இருக்குது" என்றாள் தோழி. அவ்வளவுதான்.

அடுத்த வாரத்திலிருந்து யூனிட்டில் ஒவ்வொருத்தியாக நிறுத்தினார்கள். ஆர்டர் இல்லை என்று காரணம். முதலில் தோழி. பிறகு சீவும் மேசையில் மூன்று பேர். பிறகு அந்த மங்கலம்பேட்டைப் பெண். பேக்கிங் ஆள் சாமானில் குறி போடுவதில்லை, பெட்டியில்தான் போடுவாள். மேஸ்திரி அவள் அகலில் பென்சிலால் புள்ளி வைத்திருந்தாராம். அவள் கணக்கு முடித்துக்கொண்டு போகும்போது கேட்டில் என்னைப் பார்த்து நின்றாள்.

"அக்கா, அந்தப் புள்ளிய நான் பாத்தேன். பாத்துட்டுதான் பழுப்பு ஜாடில போட்டேன். எனக்கு இந்த வேல இல்லன்னாலும் சோறு இருக்குது. நான் பயந்தா அப்பறம் யாரு போடுறது?" என்றாள். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒங்களுக்கு ஒண்ணும் பிரச்சினை இல்லியே?"

எனக்கு ஒன்றும் பிரச்சினை இல்லை. அதுதான் பிரச்சினை. மேசையில் வேலை போனவர்கள் எல்லாம் பழுப்பு ஜாடி. உட்கார்ந்திருக்கிறவர்கள் எல்லாம் வெள்ளை ஜாடி. யாரும் கேட்க வேண்டியதே இல்லை. நான் தினமும் காலையில் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கேட்டுக்குள் போவதே என் ஓட்டை ஊருக்குச் சொல்லிவிட்டது. போனவர்கள் சீவ வேண்டிய அகலையும் என் மேசையில்தான் வைத்தார்கள். ஒவ்வொன்றின் அடியிலும் கோழிக்கால் போட்டுக்கொண்டிருந்தேன்.

பத்து நாள் கழித்துத் தோழி வீட்டுக்குப் போனேன். அப்போது அவள் கருவேப்பிலங்குறிச்சிப் பக்கம் களை எடுக்கப் போய்க்கொண்டிருந்தாள். கால் கழுவிக்கொண்டிருந்தவள் நாற்காலி எடுத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை. நான்தான் மாற்றிப் போட்டேன் என்று சொன்னேன்.

"தெரியும்க்கா" என்றாள்.

"யாரு சொன்னா? மேஸ்திரியா?"

"நான் கிளேஸ் போடுறவ. நீங்க சீவி வக்கிற ஒவ்வொரு சாமானுக்கும் அடி தொடைக்கிறவ நான்தான். வெள்ள ஜாடிய பாயில கொட்டுனப்பவே ஒங்க அகலு கவுந்து கெடந்துச்சு. கோழிக்காலு எனக்குத் தெரியாதா?"

அப்படியென்றால் அன்றைக்கு வழியெல்லாம் நான் மற்றவர்களைத் திட்டினேனே, அதை முழுக்கத் தெரிந்துகொண்டே கேட்டு வந்திருக்கிறாள். எனக்கு எங்கே முகத்தை வைப்பது என்று தெரியவில்லை. கோபம்கூட வந்தது, அவள் மேலேயே. ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன். ரெண்டு தெரு தாண்டுறவரைக்கும் பாத்தேன்." துண்டால் காலைத் துடைத்துக்கொண்டாள். "ஒங்க மேல கோவம் இல்லக்கா. ஒங்களுக்குப் பயம். ஆனா அந்த அகல ஒங்க கையில தேடி எடுத்துக் குடுத்தாங்க பாருங்க, அவங்களுக்கு என்னா பயம்?"

நான் அழுதேன். மன்னிச்சிக்க என்றேன். அவள் சமாதானம் சொல்லவில்லை.

"எங்கிட்ட சொல்லி என்னா ஆவப்போவுது? என் வேல வரப்போவுதா, அந்த மங்கலம்பேட்டைப் பொண்ணு வேல வரப்போவுதா? சொல்றதா இருந்தா நாலு பேரு கேக்கறாப்ல சொல்லுங்க. டீ குடிச்சிட்டுப் போங்க."

டீ கொடுத்தாள். குடித்தேன். நான் அந்த வீட்டில் டீ குடித்தது அதுதான் முதல் தடவை. பக்கத்து மேசையில் எட்டு வருஷம் வேலை செய்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு யாரையும் முழுசாக நம்ப முடியவில்லை. மேஸ்திரி சிரித்தால் எதற்குச் சிரிக்கிறார் என்று பார்க்கிறேன். வட்டச் செயலாளர் வணக்கம் வைத்தால் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்கிறேன். ஆனால் மற்றவர்களைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் இப்போது ஒன்று செய்கிறேன். அன்றைக்குத் திரைக்குப் பின்னால் நின்றேனே, அந்த என்னை முதலில் சந்தேகப்படுகிறேன். எங்களைச் சாதியாகவும் தெருவாகவும் ஆண் பெண்ணாகவும் பிரித்தது அவர்கள் மட்டும் இல்லை. பிரித்து வைத்த கூடையில் நானும் போய் விழுந்தேன்.

நாலு பேர் கேட்கிற மாதிரி சொல்லச் சொன்னாள். சொல்லிவிட்டேன். வெள்ளை ஜாடியில் கிடந்த கோழிக்கால் என்னுடையது. இதைப் படித்த பிறகு எனக்கும் ஆர்டர் இல்லை என்பார்கள். சரி.

சுவரில் முதலாளியம்மா படம் ஒட்டியாகிவிட்டது, தேர்தல்தான் வரவில்லை. அதனால் வட்டச் செயலாளர் அவர்களே, இன்னும் நேரம் இருக்கிறது. அடுத்த வட்டக் கூட்டத்தில், அதே மண்டபத்தில், எல்லோர் முன்னாலும் மைக்கைப் பிடித்துச் சொல்லுங்கள். குறி போட்ட அகலைத் தேடித் தேடி எங்கள் கையில் கொடுக்கச் சொன்னது யார்? நான் எழுந்து நின்று என் ஓட்டைச் சொல்கிறேன். நீங்கள் எழுந்து நின்று பதில் சொல்லுங்கள்.